மாடத்தைப் படமெடுக்கப் போனவன்

"கதவைச் சாத்திடாதீங்க நைனாரே, உள்ள இருந்து தெறக்காது" என்று சொல்லிவிட்டுத்தான் சர்ச்சைக் கவனிக்கும் கோயில்பிள்ளை பெரியதம்பி டீ குடிக்கப் போனார். அஜிததாஸ் சாத்தினான். செஞ்சி கடைத்தெருவில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் மகா கலைஞனுக்கு வாசல் வெளிச்சம் லென்ஸில் அடிக்கிறதே! வளையத்தைப் பிடித்து ஓர் இழுப்பு. கதவு சாத்திக்கொண்டது. வளையம் கையோடு வந்துவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றாம் வருஷச் சர்ச் திருவிழா நோட்டீசுக்குக் குவிமாடத்தைப் படம் பிடிக்க வந்தவன். சமண வீட்டில் பொழுது சாய்ந்தால் சோறு கிடையாது. எட்டு மாதக் கர்ப்பிணியான மனைவி சந்தனா, அவன் வராமல் ஒரு பருக்கை தொடமாட்டாள். எத்தனை திட்டினாலும் கேட்காத ஜன்மம்.

மெழுகும் வௌவால் புழுக்கையும் ஊறிய சுண்ணாம்பும் ஒன்றாய் மணக்க, தலைக்கு மேலே அந்தப் பழைய குவிமாடம் அவன் விட்ட மூச்சைக்கூட எடுத்துப் போய்ச் சுற்றிச் சுற்றி உருட்டிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்பதுபோல் அவன் பிடரியிலேயே திருப்பிப் போட்டது.

கதவை ஓங்கித் தட்டினான். "பெரியதம்பி அண்ணே!"

"இன்னா நைனாரே?" உடனே பதில் வந்தது.

போன உயிர் திரும்பியது. "மாட்டிக்கினேன். தெறங்க."

"தெறக்கலாம். இன்னா அவசரம்?"

"வீட்ல புள்ளத்தாச்சி பட்டினியா காத்துகினு இருக்கா. எங்க நிக்கறீங்க?"

"இங்கதான்."

"இங்கன்னா?"

"கிட்டக்கதான் கீறேன்."

கதவிடுக்கில் கண்ணை வைத்தான். ராஜகிரி மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் டீக்கடை. பெஞ்சில் முதுகைக் காட்டியபடி பெரியதம்பி, கையில் கிளாசோடு.

பயந்தால் ஒளிந்துகொள்ள போட்டோகிராபருக்குக் கறுப்புத் துணி இருக்கிறது. ஓடிப்போய்க் கேமராவின் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டான். உள்ளே, கேமராவின் பின்பக்கக் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் விழும். பன்னிரண்டு வருஷப் பழக்கம். மாடத்தைப் பார்த்து நிமிர்த்திய லென்ஸ். தலைகீழாய் மாடம். தலைகீழாய் ஜன்னல்கள். நடுவில் ஓர் ஆள்.

நேராக நின்றான்.

கண்ணாடியில் நேராக நின்றால், மாடத்தில்...

துணியை விலக்க அவனுக்குக் கை வரவில்லை.

ஆள் பெரிதானான். இன்னும் பெரிதானான். கண்ணாடி முழுக்க இருட்டு.

"நெசத்தைச் சொல்லு." "எங்க கீற?"

"மேலதான் இருந்தேன் நைனாரே." குரல் காதோடு வந்தது. துணி மட்டும் நடுவில். "எறங்கிட்டேன்."