பாறணைப் பாயசம்

கந்தசஷ்டி விரதம் முடிந்து, பாறணைக்கு இலை போட்ட அன்று காலை சுபாஜினிக்குப் பசிக்கவில்லை. ஆறு நாளும் கோயில் தீர்த்தத்தை மட்டும் குடித்துக் கிடந்தவளுக்கு, குசினியில் கறிவேப்பிலை பொரிகிற மணமும், நெய்யில் கஜு வறுபடுகிற மணமும், மதில் தாண்டி வருகிற கொழும்புத்துறைக் கரையின் சேற்று வாடையும் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. முருகன் அருள் என்று நினைத்தாள். பிள்ளை வரம் கேட்டுக் கேட்டே வாய் நொந்தவளுக்கு வேறென்ன தோன்றும்?

கணவன் மயூரதன் சவ்வரிசிப் பாயசத்தை நீட்டினான். "ஒரு வாய் குடியும் சுபா. உம்மைப் பாக்கவே பயமாக் கிடக்கு."

குடித்தாள். தொண்டைக்குக் கீழே இறங்க மறுத்தது. பின்வளவுக்கு ஓடிச் சத்தி எடுத்தாள். குடித்தது குடித்தபடியே வந்து விழுந்தது.

மயூரதனின் முகம் மலர்ந்துவிட்டது. "சத்தியோ? அப்ப, அதுவோ?"

அவளும் சிரித்தாள். பாவி மனம், அப்படியே நம்பியது.

நம்பக் காரணமும் இருந்தது. கரையோரத்து இறால் பண்ணையில், தாய் இறால்களுக்குத் தீனியாகும் சேற்றுப் புழுக்களை வளர்ப்பது அவள் வேலை. பண்ணையை நடத்தும் கொலின்ஸ் சேர் ஒருநாள் தொட்டியைக் காட்டி, "உதுகளின்ரை மூளை ஒரு சுரப்பு விடும். அது இருக்குமட்டும் முட்டை வளராது. இந்த மருந்து அதை மறிக்கும். பிறகு பாரும், உடம்பெல்லாம் முட்டைதான்" என்றார். அதற்குமேல் அவர் சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை. கொழும்பு டொக்டர்மாரும் கைவிரித்த பிறகு, ஒரு புழுவுக்குக் கிடைப்பது எனக்குக் கிடைக்காதா என்ற வெறி. வெறும் வயிற்றில் மருந்து நன்றாகப் பிடிக்கும் என்று விரதம் வரும்வரை காத்திருந்து, பண்ணையிலிருந்து எடுத்து வந்ததைத் தீர்த்தத்தில் கலந்து கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

மத்தியானம் கண்ணாடி பார்த்தபோது கண்கள் இரண்டும் பெருத்திருந்தன. கொலின்ஸ் சேருக்குப் போன் எடுத்தாள்.

"சேர், முட்டை பிடிச்ச புழு சாப்பிடுமோ?"

"எங்கை சாப்பிடுறது? குடலே கரைஞ்சு போயிடும். கண் பெருக்கும். பிறகு வெளிச்சத்தைக் கண்டா மேலை வந்து, வெடிச்சு, முட்டையைக் கொட்டும்."

"தாய்ப் புழு?"

"வெடிச்ச பிறகு தாய் எங்கை மிஞ்சும்? ஏன் பிள்ளை கேக்கிறீர்?"

போனை வைத்தாள். ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். கதவின் கீழ் இடுக்கில் சீலையைத் திணித்தாள். அப்படியும் ஓட்டு இடைவெளியால் வெயில் ஒரு கீற்றாக நிலத்தில் விழ, அவளுடைய முகம் அவளைக் கேட்காமலே அந்தப் பக்கம் திரும்பியது. அலுமாரியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள். உடம்புக்குள் ஏதோ ஊறுகிற சத்தம். வயிற்றில் மட்டுமல்ல. தோளில். தொடையில். நாக்கின் அடியில்.

முருகா, நான் கேட்டது இப்படியில்லை.

வெயில் கீற்று மறைந்தது. வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. செருப்புச் சத்தம். கதவு.

"சுபா! நாளைக்கு டொக்டரிட்டை நம்பர் எடுத்திட்டன். மாங்காயும் வாங்கியந்தனான். ஏனப்பா இருட்டுக்கை இருக்கிறீர்?"

"லைட்டைப் போடாதேங்கோ. உங்களைக் கும்பிட்டன்."

"வெக்கமோ?" அவன் சிரித்தான். சுவிட்ச் 'டக்' என்றது.

கைப்பிடியைப் பற்றியிருந்த விரல்கள் கழன்றன. அவள் எழும்பவில்லை, கால்கள் எழும்பின. முகம் பல்பை நோக்கி நிமிர்ந்தது. இமை மூடவில்லை. கைகள் மேலே உயர்ந்தன.

மாங்காய்கள் நிலத்தில் உருண்டன.

அவளுடைய தோலுக்குள் வெளிச்சம் புகுந்து மறுபக்கம் வந்தது. உள்ளே, தோள் முதல் விரல் நுனி வரை, காலையில் குடித்த பாயசத்துச் சவ்வரிசிபோல. வெள்ளையாக. நெருக்கமாக. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கறுப்புப் புள்ளி. எல்லாப் புள்ளிகளும் மெல்ல மெல்ல வெளிச்சத்தின் பக்கம் திரும்பின.

"பிள்ளையள்" என்றாள் சுபாஜினி. அந்த நேரத்திலும் அவள் குரலில் ஆசைதான் இருந்தது.

அவளுடைய மணிக்கட்டில் தோல் கிழியத் தொடங்கியது.