மௌன வரம்பு

காலை பத்து மணிக்கு ஜெசிந்தாவின் திரையில் 7714 என்ற இதயம் நடுங்கத் தொடங்கியது.

அவள் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டாள். அதுவரை சீராகப் போய்க்கொண்டிருந்த பச்சைக் கோடு, கால் இடறியவன் ஓடுவதுபோல ஒழுங்கு கெட்டு ஓடியது. மேலறை நடுக்கம். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் வெறுமனே படபடக்கும். உள்ளே ரத்தம் தேங்கும், உறைந்து கட்டியாகும். கட்டி கிளம்பினால் மூளைவரை போய் அடைக்கும்.

கோப்பில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஆனால் மற்றதெல்லாம் இருந்தது. வயது அறுபத்து நான்கு, ரத்த அழுத்தம், சர்க்கரை, பருத்த உடம்பு, தூக்கத்தில் மூச்சடைப்பு, மதுப்பழக்கம். பைபாஸ் நடந்தது ஜூன் பன்னிரண்டு, இரண்டு வாரம் முன்பு. அந்த வாரம் பூங்கொத்து வாங்கிக்கொண்டு அலுவலகமே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது. அப்படியானால் 7714, அவள் வேலை பார்க்கும் திருச்சி துடிப்பு மையத்தின் தலைவர் டாக்டர் வேதகிரி.

"வந்துட்டியா," என்றாள் ஜெசிந்தா, உதடு மட்டும் அசைய.

நெஞ்சுமணி புழக்கத்துக்கு வந்து பத்து வருடம். அரிசி அளவுதான் இருக்கும். தோலுக்கடியில் வைத்துவிட்டால் ஒவ்வொரு துடிப்பையும் மையத்துக்கு அனுப்பிவிடும். அதற்கு முன்பு, ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்தில் எடுத்த ஈசிஜியை நம்பி, இதய நோயாளிகளில் பத்தில் ஒருவருக்குத்தான் இந்த நடுக்கம் என்று நினைத்திருந்தார்கள். ஓயாமல் பார்க்க ஆரம்பித்ததும் மூன்றில் ஒருவருக்கு இருந்தது. எச்சரிக்கைகள் குவிந்தன. தேவையில்லாதவர்களும் மாத்திரை விழுங்கி ரத்தம் கசிந்து படுத்தார்கள். அப்போது வேதகிரி கொண்டுவந்ததுதான் மௌன வரம்பு. தொடர்ந்து ஆறு மணி நேரம் நீடிக்காத நடுக்கத்தை நோயாளியிடமோ அவருடைய மருத்துவரிடமோ சொல்லக் கூடாது.

ஜெசிந்தாவின் கணவன் அமலதாஸ் வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். வால்வு பழுதானவன். அவன் இதயம் நான்கு முறை நடுங்கியது. நான்காவது முறை ஐந்து மணி நேரம் நாற்பது நிமிடம் நீடித்தது. மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். பத்தொன்பது நாள் கிடந்து போய்ச் சேர்ந்தான். அலைப்பதிவைக் கேட்டு அவள் மையத்துக்கு வந்தபோது, கவுன்டரில் இருந்தவன் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வரம்புக்குள்ளதான் இருந்திருக்கு மேடம்," என்றான்.

அவள் இரண்டு வருடம் படித்து, அதே மையத்தில், துடிப்பு அலைகளைத் திரையில் படிக்கும் அலைவாசகராகச் சேர்ந்தாள்.

சேர்ந்த புதிதில் அவள் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தாள். நடுக்கத்தைப் பற்றிச் சொல்லத்தான் தடை. 'உங்கள் நெஞ்சுமணி பழுது, உடனே மருத்துவரைப் பாருங்கள்' என்று அனுப்பத் தடையில்லை. மணியைப் பார்க்கிற மருத்துவர் இதயத்தையும் பார்ப்பார். இப்படி முப்பத்தொரு பேரை அனுப்பிவைத்தாள். ஒவ்வொரு முறையும் வேதகிரியின் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

இப்போது வேதகிரியே வந்திருக்கிறார். அவருக்கு மட்டும் அனுப்பாமல் விட்டால், நாளைக்கு விசாரணையில் கேட்பார்கள்: மற்றவர்களுக்கு அனுப்பினாயே, இவருக்கு ஏன் இல்லை? கையில் கறை படாமல் இருக்க ஒரே வழிதான் இருந்தது. அவள் பொறுப்பில் இருந்த நானூறு பேருக்கும் அன்றோடு செய்தியை நிறுத்தினாள். கொஞ்ச நாள்தானே என்று சொல்லிக்கொண்டாள்.

ஆறாவது வாரம் வேதகிரி அவள் மேசைக்கே வந்தார்.

"ஜெசிந்தாம்மா, ஏழாயிரம் வரிசை உங்ககிட்டதானே? என் நம்பரும் அதுலதான் இருக்கு."

"ஆமா சார்."

"அப்பப்ப நெஞ்சு படபடங்குது. ஈசிஜி எடுத்தா ஒண்ணும் தெரியல. கோப்பை நானே திறந்து பார்க்கலாம். அப்புறம் வரம்புக்கு என்ன மரியாதை?" என்று சிரித்தார். "ஏதாவது சொல்ற மாதிரி இருக்கா?"

முந்தின நாள் மட்டும் ஐந்து மணி பத்து நிமிடம் நடுங்கியிருந்தது.

"வரம்புக்குள்ளதான் இருக்கு சார்."

"அப்பச் சரி," என்று நிம்மதியாகப் போனார். அவள் நெஞ்சுக்குள் கரும்புச்சாறு இறங்கியது.

பதினோராவது வாரம் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோதே அவர் வாய் கோணியது. உயிர் தப்பியது. வலது பக்கமும் பேச்சும் போயின.

ஜெசிந்தா ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்கப் போனாள். அவர் மனைவி டீ வாங்க வெளியே போனதும், குனிந்து காதருகே சொன்னாள்: "அஞ்சு மணி நேரம் ஐம்பது நிமிஷம் நடுங்கிச்சு சார். பத்து நிமிஷம் குறைஞ்சிருச்சு. எங்க வீட்டுக்காரர் அமலதாசுக்கு இருபது நிமிஷம் குறைஞ்சுது."

அவருக்குப் புரிந்தது. இடது கை போர்வையைப் பற்றியது. நாக்கு புரளவில்லை. அவர் கண்ணீர் காது வரை வழிவதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் எழுந்தாள்.

விசாரணைக் குழு பதினொரு வாரப் பதிவையும் துருவிப் பார்த்தது. விதி ஓர் இடத்திலும் மீறப்படவில்லை. தலைவர் என்றும் பாராமல் விதிப்படி நடந்துகொண்டார் என்று ஜெசிந்தாவைப் பாராட்டி, அவளைத் தலைமை வாசகராக்கியது. வரம்பு சரியாக வேலை செய்கிறது, மாற்ற வேண்டியதில்லை என்றும் எழுதியது.

அடுத்த வாரம் ஒரு பெண் ஜெசிந்தாவைத் தேடி வந்தாள். பெயர் சபீனா, கல்லூரியில் வேதியியல் ஆசிரியை. கையில் அவள் தாயின் அலைப்பதிவு இருந்தது. எண் 7390.

"அம்மா போய் ஒரு மாசம் ஆகுது," என்றாள். குரல் உயரவில்லை. "எங்க தெருவுல சந்தானம்னு ஒருத்தர். அவருக்கும் இதே நடுக்கம்தான். மார்ச் மாசம் மணி பழுதுன்னு அவருக்கு இங்கிருந்து செய்தி வந்துச்சு. போய்ப் பார்த்தார், பொழச்சுக்கிட்டார். மணியில ஒரு பழுதும் இல்லையாம். எங்க அம்மாவுக்கு ஜூலையில மூணு தடவை நடுங்கியிருக்கு. ஏன் வரல?"

வரம்புக்குள்ளதான் இருந்தது என்று சொல்ல ஜெசிந்தா வாய் திறந்தாள். ஆனால் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள்.

"அம்மாவோட அலையைப் படிச்சது யாரு?"

"நான்தான்."

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

சபீனா தாள்களை மெதுவாக மடித்துப் பையில் வைத்தாள்.

"உங்க முழுப் பேர் என்னங்க?"

"ஜெசிந்தா அமலதாஸ்."

அந்தப் பெயரை மனப்பாடம் செய்கிறவள் போல ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்தாள் சபீனா. கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பி, "அலைவாசகர் ஆகணும்னா எத்தனை வருஷம் படிக்கணும்?" என்று கேட்டாள்.