நடக்காத தீ

காலையில் வந்ததும் தமயந்தி முதலில் நினைவு மண்டபத்துக்குத்தான் போவாள். பொழிலூர்ப் பல்கலைக்கழகத்தில் எல்லோருக்கும் அதுவே வழக்கம். மறைந்த பேராசிரியர்களின் மனவுருக்கள், அதாவது உயிரோடு இருந்தபோதே எடுத்துவைத்த மன நகல்கள், அங்கே திரைகளில் விழித்திருக்கும். மாணவர்கள் பாடத்தில் சந்தேகம் கேட்டுக்கொண்டிருப்பார்கள்; தேர்வு வைத்துப் பட்டம் தருவதும் மனவுருக்கள்தான். பெருவெள்ளத்தில் ஆவணக்காப்பகமும் அதன் சர்வர்களும் அழிந்து, மனவுருக்கள் மட்டும் மிஞ்சியபின் ஒரு விதி வந்தது. பல்கலைக்கழகத்தின் பழைய நாட்களைப் பற்றி மனவுருக்கள் ஒத்துச் சொல்வதுதான் வரலாறு.

முந்நூறாம் ஆண்டு விழாவுக்காக அந்த வரலாற்றை எழுதும் பொறுப்பு, வரலாற்றுத் துறைத் தலைவியான தமயந்தியுடையது. எழுத எழுத அவளுக்கு ஏதோ நெருடியது. பழைய மாணவர் போராட்டத்தை விவரித்த எல்லோரும் "மழைக்கு முந்தின எறும்புக் கூட்டம் மாதிரி திரண்டாங்க" என்றார்கள். அதே சொற்கள், அதே இடத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. அவர்களில் ஒருவர் அந்த ஆண்டு முழுவதும் ஜெர்மனியில் இருந்தவர்.

அவள் ஒரு பொய்யை விதைத்துப் பார்த்தாள். தாவரவியல் பேராசிரியர் ஒருவரின் மனவுருவிடம், "வேதியியல் கூடத்துல தீப்பிடிச்சு கதிரொளின்னு ஒரு பையன் செத்துப்போனானே, ஞாபகம் இருக்கா சார்?" என்று கேட்டாள். அப்படி ஒரு தீயும் இல்லை, பையனும் இல்லை.

"இல்லையேம்மா" என்றார் அவர்.

மறுவாரம் கணிதத் துறை மனவுரு, கேட்காமலே கதிரொளியைப் பற்றிச் சொன்னது. நன்றாகப் பாடுவானாம். அதற்கடுத்த நாள் தாவரவியல்காரரே குரல் தழுதழுக்க, புகை மூட்டத்தில் அவனைத் தூக்கி வந்தது தான்தான் என்றார்.

 தமயந்தி மண்டப இயக்குநர் அன்வர்தீனிடம் ஓடினாள்.

"அவங்க ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் கொடுத்துக்கிறாங்க சார். அந்தத் தீ நான் கட்டிவிட்ட கதை!"

அன்வர்தீன் பதறவில்லை. அதுதான் அவளை இன்னும் சந்தேகப்பட வைத்தது.

"நினைவுல ஓட்டை விழுந்தா நிரப்பிக்கிற மாதிரிதான் செஞ்சிருக்கோம், மேடம். வெளியில சொன்னா, இவங்க கையால வாங்கின பட்டம் எல்லாம் என்ன ஆகும்? உங்களுடையதும் சேர்த்து?" கொஞ்சம் நிறுத்தி, "உங்க வீட்டுக்காரரும் அந்தத் தீயைப் பார்த்ததா சொல்றாரே" என்றார்.

அவளுடைய கணவன் சேந்தன் வேதியியல் பேராசிரியராக இருந்தவன். அவளுடைய துறையை மூடிவிடலாம் என்று ஆட்சிக்குழுவில் கை தூக்கியவன். துறை எப்படியோ பிழைத்தது. ஏன் அப்படிச் செய்தான் என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஒரே வீட்டில் முகம் பார்க்காமல் வாழ்ந்து, அப்படியே ஒருநாள் அவன் இறந்தும் போனான். அவனுடைய திரைப்பக்கம் அவள் இதுவரை போனதில்லை.

அன்று போனாள். அவனையும் பொய்யன் என்று நிரூபித்துவிட்டு நேராகத் துணைவேந்தரிடம் போவது என்று தீர்மானித்திருந்தாள்.

"வா தமா" என்றான் சேந்தன், நேற்றுதான் பிரிந்தவன்போல.

வேண்டுமென்றே நடக்காத ஒன்றைக் கேட்டாள். "ஆஸ்பத்திரியில கடைசியா என்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்களே, ஞாபகம் இருக்கா?"

திரையில் அவன் கண்கள் ஒரு கணம் எங்கோ தேடின.

"இருக்கு. உன் கையைப் பிடிச்சுக்கிட்டேன். 'உன் துறைக்கு எதிரா கை தூக்கினது தப்பு தமா, பொறாமையில செஞ்சேன்'னு சொன்னேன். நீ அழுதே."

ஆஸ்பத்திரியில் அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். இந்தச் சொற்களை அவன் ஒருநாளும் சொன்னதில்லை. இவற்றுக்காகத்தான் அவள் அத்தனை வருடம் காத்திருந்தாள் என்பது, கேட்ட பிறகுதான் தெரிந்தது.

துணைவேந்தர் அறைக்குப் போக எழுந்தவள் நின்றாள். சுற்றிலும் பார்த்தாள். பிறகு நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.