நான்காம் தட்டுக் களிமண்

1983 ஜனவரி 13, காலை 7.10. மலேசியாவின் லகாட்டில் ஈயமணல் சலிக்கும் ஆலையின் பின்கட்டில், நேற்று நான்கு தட்டுகள் நிறைய ஈரக் களிமண் இருந்தது. இன்று நான்காவது தட்டு வழித்துத் துடைத்ததுபோல் காலி.

ஆய்வுக்கூட உதவியாளர் ஹில்டா மற்ற மூன்று தட்டுகளையும் சரிபார்த்தாள். ஏடு ஏடாக அமைந்த அந்தக் களிமண்தான் கழிவுநீரிலுள்ள ரேடியத்தை இடுக்குகளில் பிடித்து வைக்கும். தண்ணீர் தெளிந்துவிடும், விஷம் மண்ணில் தங்கிவிடும்.

7.40. சாவி வைத்திருந்த லாரி ஓட்டுநர் லியோனார்டை நிறுத்தி வைத்துக்கொண்டு, போலீஸைக் கூப்பிடுவேன் என்று ஆலை முதலாளி தவுக்கே குதித்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று ஹில்டாவுக்குப் பட்டது. விற்க நினைப்பவன் பக்கத்திலிருந்த புது மண் மூட்டைகளை விட்டுவிட்டு ஈர மண்ணையா வழிப்பான்? எடுத்தவருக்கு ஊறிப் பதமான மண்தான் வேண்டியிருந்தது.

குனிந்து பார்த்தாள். சிமெண்டுத் தரையில் கொஞ்சம் உமி சிந்திக் கிடந்தது. இந்த ஆலையில் உமிக்கு என்ன வேலை?

“நேத்து உள்ள யாரு வந்தா?” என்று லியோனார்டைக் கேட்டாள்.

“யாரும் வரல லா. கூட்டுறதுக்குக் காளியம்மாக்கா வந்தாங்க, நான்தான் தொறந்து விட்டேன்.”

உமிச் சாக்கில்தான் மண்ணை அள்ளிப் போயிருக்க வேண்டும்; உமி பிசைந்த களிமண்ணில் அடுப்புதான் போடுவார்கள். மறுநாள் பொங்கல். லியோனார்டை விடச் சொல்லிவிட்டு, கதிர்வீச்சு அளக்கும் கருவியோடு ஹில்டா ஓடினாள்.

8.25. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் காளியம்மாவின் வீடு. புது அடுப்பை உலர்த்தச் சின்னதாகத் தீ மூட்டியிருந்தது. அந்தக் கதகதப்பில் பன்னிரண்டு நாள் பேரப்பிள்ளை பாயில் தூங்கியது. அடுப்பருகே கருவி விடாமல் டிக்டிக்கென்றது. ஹில்டா பிள்ளையை வாரியெடுத்து வாசலுக்கு வந்தாள்.

“நீங்கதான் எடுத்தீங்களாக்கா?”

“தண்ணியவே சுத்தம் பண்ற மண்ணுன்னு நீதானே சொன்ன. சாமிக்குப் பொங்க இதவிட நல்ல மண்ணு ஏது?”

ஹில்டாதான் சொல்லியிருந்தாள். பிடித்த விஷம் எங்கே போகும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டாள். பின்கட்டிலிருந்த எச்சரிக்கைப் பலகையோ ஆங்கிலத்தில்.

“அந்த அழுக்கு பூரா இந்த மண்ணுக்குள்ளதான் இருக்கு. பிள்ளைக்கு ஆகாது. குத்தம் உங்களுது இல்லக்கா, என்னுது.”

காளியம்மா அடுப்பை இடிக்கப் பாய்ந்தாள். கையால் தொட வேண்டாம் என்று ஹில்டா தடுத்தாள். காளியம்மா தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள்.

“நேத்து ராத்திரி பூரா இந்தக் கையாலதான் பிசைஞ்சேன். காலையில பிள்ளைக்கு எண்ணெ தேச்சதும் இதே கைதான்.”