காலிப் பெட்டியின் கனம்

காரியமெல்லாம் முடித்துவிட்டு நான் வெளிநாட்டு வேலைக்குத் திரும்பிய நாளில், விமானத்திலிருந்து இறங்கி அந்த ரயிலில்தான் ஏற வேண்டியிருந்தது. வேறு வழி கிடையாது. விமானங்கள் நிற்கும் கட்டடத்துக்கும் பாஸ்போர்ட் பார்க்கும் கட்டடத்துக்கும் நடுவே, தரைக்கு அடியில் ஓடும் சிறிய ரயில் அது. மூன்று பெட்டிகள். ஓட்டுநர் இல்லை. கம்ப்யூட்டர்தான் ஓட்டுகிறது. மேலே ஓர் அறையில் உட்கார்ந்து அதைத் திரையில் கவனித்துக்கொண்டிருப்பது என் வேலை.

அந்த ரயில் எங்கேயும் திரும்புவதில்லை. ஒரு முனைக்குப் போய் நிற்கும். பின்பக்கம் முன்பக்கமாகும். வந்த வழியே ஓடும். அதற்கு முகமும் இல்லை, முதுகும் இல்லை.

நடுப் பெட்டிக்கு எதிரே நின்றிருந்தவன் தள்ளிப்போய்க் கடைசிப் பெட்டியில் ஏறினேன்.

நடுப் பெட்டியில்தான் ஜீவிதா இறந்தாள்.

அவள் என் மனைவி. எங்கள் மகள் மேகலாவுக்கு மூன்று வயது. இருவரும் என்னோடு இருப்பதற்காகத் திருச்சியில் விமானம் ஏறினார்கள். கிளம்புவதற்கு முன் போனில் அவளுக்கு எல்லாம் சொல்லியிருந்தேன்.

"ரயில்ல ஏறு. அது நிக்கிற எடத்துல எறங்கு. முத்திர போட்டுட்டு வெளிய வந்தா நான் நிப்பேன்."

"டிரைவர் இல்லாத வண்டிய நம்பி எப்புடிங்க ஏறறது?"

"நீ ஸ்கூட்டிய வாய்க்கால்ல விட்டியே, அதுக்கு இது தேவலாம்."

"அந்த ஸ்கூட்டிக்கு டிரைவர் சரியில்லீங்க. என்னைய விட்டுட்டுப் பேசுங்க."

அதுதான் நாங்கள் கடைசியாகச் சிரித்தது.

நெடுநேரம் உட்கார்ந்து வந்ததில் காலில் ரத்தம் கட்டி, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார் டாக்டர். ரயிலில் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. குழந்தை அவள் மடியில் இருந்தது. ரயில் அந்த முனைக்கும் இந்த முனைக்குமாகப் போய் வந்துகொண்டே இருந்தது. ஏறியவர்களும் இறங்கியவர்களும் அவள் தூங்குகிறாள் என்று நினைத்திருக்கிறார்கள். விமான நிலையத்தில் தூங்குகிறவர்களை யாரும் எழுப்புவதில்லை.

பெட்டியைக் கூட்ட வந்த பெண்தான் தோளைத் தொட்டுப் பார்த்தாள். மேகலா அழவில்லையாம். "அம்மா இன்னும் எறங்கல" என்று மட்டும் சொன்னாளாம்.

*

வலங்கைமான் பக்கம் எங்கள் ஊர். சுடுகாடு குடமுருட்டி ஆற்றங்கரையில் இருக்கிறது. ஐப்பசி மழையில் கரைச் சாலை சேறாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் சம்பா நட்ட வயல்கள். உள்ளே போனால் வண்டி திரும்ப இடமில்லை என்று, கரையில் ஏறும்போதே டிரைவர் அமரர் ஊர்தியைப் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போனார்.

எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. பாதி வழியில் பாடையை இறக்கி, தலைமாடு கால்மாடாகத் திருப்பி வைத்துத் தூக்குவார்கள். போகிறவர்களுக்கு வீட்டுக்கு வரும் வழி மறந்துவிட வேண்டும். அதற்காக.

வழியில் இருக்கும் அரிச்சந்திரன் மேடையருகே வண்டி நின்றது. காயாரோகணம் சித்தப்பா முன்னால் வந்தார்.

"எறக்கித் திருப்புங்கப்பா."

"அண்ணே, வண்டியே ரிவர்ஸ்லதான் வந்துருக்கு" என்றார் டிரைவர். "அதுவே திரும்புனாப்லதான். இப்பத் திருப்புனா மறுபடி வீட்டப் பாத்துரும்."

சித்தப்பா யோசித்தார். "வண்டி திரும்புனா ஆளு திரும்புனதா ஆயிடுமா? நீ பேசாம இரு."

திருப்பினார்கள். பின்னாலிருந்து யாரோ டிரைவர் சொன்னதுதான் சரி என்றார்கள். மறுபடி திருப்பினார்கள். மழை வலுத்தது. இன்னொருவர் முறை முறைதான் என்றார். மூன்றாவது தடவை தூக்கியபோது எது வீட்டுப் பக்கம், எது ஆற்றுப் பக்கம் என்று அங்கே இருந்த யாருக்குமே நிச்சயமாகத் தெரியவில்லை.

வறட்டி அடுக்கி, வைக்கோல் போர்த்தி, களிமண் பூசி மூட்டம் போட்டார்கள். கொள்ளி வைத்தேன்.

"திரும்பிப் பாக்காம நட" என்றார் சித்தப்பா.

நடந்தேன்.

மேகலாவை ஜீவிதாவின் அக்கா நாகரத்தினத்திடம் மன்னார்குடியில் விட்டுவிட்டு விமானம் ஏறினேன்.

*

வேலையில் என்னோடு இருப்பவன் சுஹைப். முத்துப்பேட்டைக்காரன். நான் போய் உட்கார்ந்ததும் அவன் துக்கம் விசாரிக்கவில்லை. டீயைத் தள்ளி வைத்தான். அதற்காக அவனை எனக்குப் பிடிக்கும்.

"நீ ஊருக்குப் போனதுலேருந்து ஒரு சென்சார் மக்கர் பண்ணுதுடா" என்றான். "நடுப் பெட்டி."

ஒவ்வொரு பெட்டியிலும் எவ்வளவு கனம் இருக்கிறது என்று திரையில் கிலோவில் தெரியும். ஆள் நெருக்கத்துக்குத் தக்கபடி பிரேக் பிடிப்பதற்காக அந்த ஏற்பாடு. அது துல்லியமான தராசு அல்ல. எண் கூடும், குறையும், ஆடிக்கொண்டே இருக்கும்.

கேமராவில் நடுப் பெட்டி காலியாக இருந்தது.

எண் ஆடாமல் நின்றது. 64.

"ரெண்டு தடவ ஆள் வந்து பாத்துட்டான். கோளாறே இல்லேங்கிறான்" என்றான் சுஹைப்.

என் போனில் ஒரு படம் இருக்கிறது. பயணப் பெட்டியின் எடை பார்க்க வாங்கிய மெஷினில், மேகலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜீவிதா ஏறி நின்று எடுத்த படம். 'இந்த ரெண்டு லக்கேஜுக்கும் டிக்கெட் போட்டாச்சா?' என்று எழுதி அனுப்பியிருந்தாள். படத்தில் அவள் பாதங்கள் தெரியும். மெட்டி தெரியும்.

பாதங்களுக்கு நடுவே 64.

அவள் ஐம்பத்திரண்டு. குழந்தை பன்னிரண்டு.

அன்று மதியம் நாகரத்தினம் அக்கா போன் செய்தார்.

"தம்பி, புள்ள சாப்புட மாட்டேங்குறா. கூப்புட்டா திரும்ப மாட்டேங்குறா. ஒரே எடத்துல உக்காந்துகிட்டு ஆடுறா."

"ஆடுறான்னா?"

"பஸ்ல போறவங்க பிரேக் போட்டா ஆடுவாங்கல்ல, அந்த மாதிரி. எங்கடி போறன்னா, அம்மாகூட ரயில்ல போறேங்குறா."

வீடியோவில் காட்டச் சொன்னேன். சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. எதையும் பார்க்கவில்லை.

என் முன்னால் திரையில் ரயில் முனையை நெருங்கி வேகம் குறைந்தது.

மேகலா முன்னால் சாய்ந்தாள்.

ரயில் நின்றது.

மேகலா நிமிர்ந்தாள்.

*

அதன் பிறகு அவள் நாளுக்கு நாள் தேய்ந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். எல்லா டெஸ்டும் சரியாக இருக்கிறது, ஆனால் நாடி இறங்கிக்கொண்டே போகிறது என்றார்கள். அக்காவின் குரல் ஒவ்வொரு போனிலும் சிறிதாகிக்கொண்டே வந்தது.

"தம்பி, நீங்க படிச்சவங்க. சிரிக்காதீங்க."

"சொல்லுங்க அக்கா."

"புள்ளயோட உசுரு பயந்த எடத்துலயே நின்னுருச்சுங்குறாங்க. அந்த எடத்துக்குப் போயி, பேரச் சொல்லிக் கூப்புட்டுட்டு, திரும்பிப் பாக்காம நடந்து வரணும். கூப்புட்டவங்க பின்னாடியே வந்துரும். திரும்பிப் பாத்தா வராது. இங்க யாரு கூப்புட்டும் பிரயோசனம் இல்ல தம்பி. அந்த எடம் அங்கதான இருக்கு."

சுஹைபிடம் சொன்னேன்.

"எம்.டெக் படிச்சுட்டுப் பேய் ஓட்டப் போறியா?"

"கூப்பிடப் போறேன்."

"அது அதவிட மோசம்." பிறகு வாக்கிடாக்கி ஒன்றை எடுத்து என் கையில் வைத்தான். "லன்ச் நேரத்துல கூட்டம் இருக்காது. கதவத் தொறந்து ஒரு நிமிஷம் நிறுத்தித் தரேன். அதுக்கு மேல நின்னா மேனேஜர் கேப்பான். வெரசா கூப்புட்டுட்டு வந்துரு."

கீழே பிளாட்பாரத்தில் யாரும் இல்லை. வெளியே நடுப்பகல். அங்கே அது தெரியாது. எப்போதும் ஒரே வெள்ளை வெளிச்சம்தான். சுரங்கத்திலிருந்து ரயிலுக்கு முன்னால் காற்று வந்தது. வழக்கமாக ரப்பர் வாசனை அடிக்கும்.

அன்று புகைந்த வைக்கோல் வாசனை அடித்தது. ஈரக் களிமண்ணும்.

ரயில் நின்றது. கதவுகள் திறந்தன.

நடுப் பெட்டி. ஜன்னலோர இருக்கை. நீல நிற மெத்தை. அதில் ஆள் உட்கார்ந்த பள்ளம்.

பள்ளம் எழும்பவில்லை.

"கூப்புடுடா" என்றது வாக்கிடாக்கி.

மேகலா என்றுதான் சொல்ல வந்தேன். ஊரிலிருந்து வந்த நாள் முதல் நான் யார் பெயரையும் சத்தமாகச் சொன்னதில்லை. உள்ளே எந்தப் பெயர் காத்துக்கொண்டிருந்ததோ அது வந்துவிட்டது.

"ஜீவிதா."

மெத்தையின் பள்ளம் பாதி எழும்பியது.

நான் திரும்பி நடக்கத் தொடங்கினேன்.

பின்னால் மெட்டிச் சத்தம்.

கிரானைட் தரையில் அந்தச் சத்தம் நன்றாகக் கேட்டது. அவள் நடை எனக்குத் தெரியும். வலது காலைக் கொஞ்சம் அழுத்தி வைப்பாள். ஸ்கூட்டியிலிருந்து விழுந்ததில் வந்தது. அதே நடை. கிட்டே வந்தது. புகை வாசனை கழுத்துக்குப் பின்னால் நின்றது. முதுகு முழுவதும் குளிர்ந்தது. எனக்குப் பயமாக இல்லை. அத்தனை நாளில் முதல்முறையாக எனக்கு அழுகை வந்தது.

"பரிதி." சுஹைபின் குரல் உடைந்திருந்தது. "அம்பத்திரண்டு கொறஞ்சிருச்சுடா."

நடந்தேன்.

"பரிதி, நில்லு. பன்னெண்டு அப்புடியே இருக்கு."

நின்றேன். பின்னால் மெட்டிச் சத்தமும் நின்றது.

நான் குழந்தையைக் கூப்பிடவில்லை.

"கதவு மூடப்போவுதுடா. என்னால புடிக்க முடியல. தானா மூடுது."

கதவு மூடும் மணி அடித்தது. எனக்குப் பின்னால், என் தோளுக்கு ஒரு சாண் தூரத்தில், அவள் நின்றிருந்தாள். திரும்பாமல் படியேறினால் என்னோடு வருவாள். எங்கே வருவாள், எதற்கு வருவாள் என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. வருவாள். அது போதும் என்று ஒரு கணம் இருந்தது.

அந்தக் கணம் இருந்தது. மறைக்க விரும்பவில்லை.

திரும்பினேன்.

பிளாட்பாரத்தில் யாரும் இல்லை. தரையில் ஈரக் களிமண் பாதத் தடங்கள் இரண்டு. என்னைப் பார்த்தபடி. நான் பார்க்கப் பார்க்க அவை காய்ந்து தூளாகின.

ஓடினேன். மூடும் கதவுகளுக்கு நடுவே கையைக் கொடுத்தேன்.

"மேகலா. எறங்கி வா. அப்பா வந்துருக்கேன். மேகலா."

கதவு கையை நெரித்தது. விட்டது. மறுபடி நெரித்தது. முழங்காலை உரசிக்கொண்டு சிறியதாக, வெதுவெதுப்பாக ஏதோ வெளியே ஓடியது. அதே நேரத்தில், மூடிய இடுக்கில் மாட்டியிருந்த என் விரல்களை உள்ளேயிருந்து ஒரு கை பற்றியது.

குளிர்ந்த கை. மெதுவாகப் பற்றியது. பிறகு விட்டது. விரல்கள் வெளியே வந்தன.

ரயில் கிளம்பியது.

*

நான் மேலே ஏறி முடிப்பதற்குள் அக்கா போன் செய்துவிட்டார்.

"தம்பி, எந்திரிச்சு உக்காந்துட்டா. பசிக்குதுங்குறா. தயிர்சாதம் கேக்குறா தம்பி."

அறையில் சுஹைப் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். உதடு அசைந்துகொண்டிருந்தது. ஓதிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் நிறுத்தினான். திரையைக் கையால் மறைக்கப் பார்த்தான். பிறகு கையை எடுத்தான்.

கேமராவில் நடுப் பெட்டி காலியாக இருந்தது.

எண் ஆடாமல் நின்றது. 123.

"யாரோ ஏறியிருக்காங்கடா" என்றான்.

ஐம்பத்திரண்டு போக எழுபத்தொன்று. என் எடை எனக்குத் தெரியும்.

இது நடந்து சில மாதங்கள் ஆகின்றன. மேகலா இப்போது ஓடுகிறாள், சண்டை போடுகிறாள். நான் வேலைக்கு வருகிறேன், போகிறேன். சாப்பாட்டில் உப்பு தெரிவதில்லை. மருந்துக் கடையின் தானியங்கிக் கதவு என்னைக் கண்டால் திறப்பதில்லை. வேறு யாராவது வரும்வரை வாசலில் நிற்பேன். சுஹைப் என்னை இரண்டு மூன்று முறை கூப்பிட்டால்தான் எனக்குக் கேட்கிறது. டாக்டரிடம் போகச் சொல்கிறான். டெஸ்ட் எல்லாம் சரியாக இருக்கும் என்று அவனுக்கும் தெரியும்.

உட்கார்ந்திருக்கும்போது சில நேரம் லேசாக முன்னால் சாய்கிறேன். திரையைப் பார்த்தால் ரயில் நின்றிருக்கும்.

நேற்று மதியம் வீடியோவில் மேகலா பேசினாள். வாய் நிறைய முறுக்கு. என்னைப் பார்த்தாள். எனக்குப் பக்கத்தில் யாரும் இல்லாத இடத்தைப் பார்த்தாள். அங்கே பார்த்துக் கையாட்டிவிட்டு, மறுபடி என்னிடம் வந்தாள்.

"நீ எப்பப்பா எறங்குவ?"