பலகை சொன்ன நிறம்

அந்தக் கண்ணாடிக் கடைக்குக் கண் தெரியவில்லை என்று வந்தவர்கள் உண்டு. கண்ணாடி உடைந்துவிட்டது என்று வந்தவர்கள் உண்டு. ஆளுயரப் பலகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர் ஒருவர்தான். கதவில் இரண்டு முறை இடித்து, பலகையைப் பக்கவாட்டில் திருப்பி, ஒருவழியாக உள்ளே வந்து மூச்சு வாங்கினார்.

"மன்னிக்கணும். எதிர்ல பேக்கரியில பச்சைக் கதவுன்னு சொன்னாங்க. தெருவையே ரெண்டு சுத்து சுத்திட்டேன். பழுப்புக் கதவுன்னு ஒழுங்கா சொல்லியிருந்தா நேரா வந்திருப்பேன்."

லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்த, கடைக்காரியின் கொழுந்தன் நிமிர்ந்தான். போன மாதம்தான் அந்தக் கதவுக்கு அவனே தன் கையால் பச்சை பூசியிருந்தான். ஆனால் வந்தவரின் கழுத்தில் தொங்கிய விசிலைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். நீச்சல் குளத்து விசில் மாஸ்டர். எட்டு மாதத்துக்கு முன் மனைவியைப் பறிகொடுத்தவர். ஒரு காலில் பச்சைக் காலுறை, இன்னொரு காலில் பழுப்பு. துக்கத்தில் இருப்பவருக்குக் கதவு எந்த நிறத்தில் இருந்தால் என்ன?

"உக்காருங்க மாஸ்டர்" என்றாள் அண்ணி.

அவள்தான் கடைக்குச் சொந்தக்காரி. முன்னறையில் கண்களை அளப்பாள். பின்னறையில் ஊரார் கொண்டுவரும் சிக்கல்களை அவிழ்ப்பாள். முதலாவதற்குத்தான் கட்டணம். நாற்பது வயதாகியும் கொழுந்தன் அவளிடம் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் அந்த இரண்டாவது வேலைதான். சிக்கல் என்று யாராவது வந்துவிட்டால் அவனுக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி.

மாஸ்டர் பலகையைச் சுவரில் சாய்த்தார். "தனியாக நீரில் இறங்கக் கூடாது" என்று பெரிய எழுத்தில் இருந்தது. குளத்தில் புதுப் பலகை வைத்தபோது கழித்துவிட்ட பழையது. பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அங்கே அ முதல் ன் வரை எழுத்துகள். மேல் இடது மூலையில் 'ஆம்', மேல் வலது மூலையில் 'இல்லை', கீழ் வலது மூலையில் 'போயிட்டு வரேன்'.

"ஆவிப் பலகை" என்றார், சிறுவன் மதிப்பெண் அட்டையை நீட்டுகிற குரலில். கவிழ்த்த டம்ளரில் விரலை வைத்துக் கேள்வி கேட்டால், அது எழுத்துக்கு எழுத்து நகர்ந்து ஆவியின் பதிலைச் சொல்லுமாம்.

"யார் யார் உக்காருவீங்க?"

"நான் மட்டும்தான். ஆனா எல்லாப் பாதுகாப்போடயும்தான் மேடம்." சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு விதிமுறை சொன்ன மனிதர் ஆவிக்கும் எழுதி வைத்திருந்தார். பகலில் மட்டும். கதவு உள்பக்கம் தாழ், ஜன்னல் திறந்து. இருபது நிமிடத்துக்கு அலாரம். டம்ளர் நகரும்போது கண்களை மூடிக்கொள்ள வேண்டும், நின்ற பிறகே திறக்க வேண்டும். வயிறு காலியாக இருக்கக் கூடாது. 'போயிட்டு வரேன்' கட்டத்துக்கு டம்ளரைக் கொண்டுபோகாமல் எழுந்திருக்கக் கூடாது.

"தனியா இறங்காதேன்னு ஊருக்கெல்லாம் விசில் ஊதிட்டு, அதே பலகைக்குப் பின்னால தனியா இறங்கியிருக்கீங்களே மாஸ்டர்" என்றான் கொழுந்தன்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. "ஆழம் தெரியாமதான் இறங்கினேன். இப்ப கரை தெரியல."

விஷயம் இதுதான். முதல் வாரம் அவர் பீரோ சாவி எங்கே என்று கேட்டார். வீடு முழுக்கத் தேடியும் கிடைக்காத சாவி. டம்ளர் எழுத்தெழுத்தாக நகர்ந்து, தையல் மெஷின் இழுப்பறையின் அடிப்பக்கம் என்று காட்டியது. ஒட்டுப்பட்டை போட்டு ஒட்டிய சாவி அங்கேயே இருந்தது. பீரோவைத் திறப்பதற்கு முன் இரண்டாவதாகக் கேட்டார்: உள்ளே மகளுக்காக என்ன வைத்திருக்கிறாய்? 'பழுப்பு ஸ்வெட்டர்' என்று வந்தது. நம் மொழியில் இத்தனை எழுத்து இருப்பது ஆவிகளுக்குத்தான் பெரும்பாடு. அந்த இரண்டு சொல்லுக்கு மூன்று அலாரம் அடித்தது. பீரோவைத் திறந்தால், பிறக்கப்போகும் பேரக்குழந்தைக்கு அளவாக ஒரு குட்டி ஸ்வெட்டர்.

"ரெண்டும் எனக்குச் சத்தியமா தெரியாது மேடம்" என்று பையிலிருந்து அதை எடுத்து மேசைமேல் வைத்தார்.

கொழுந்தன் பார்த்தான். ஸ்வெட்டர் இளம்பச்சை. "இது பச்..." என்று ஆரம்பித்தவனின் காலை மேசைக்கு அடியில் அண்ணியின் செருப்பு ஓங்கி மிதித்தது.

"மூணாவதா எதுவும் கேட்டீங்களா?" என்றாள் அண்ணி, ஒன்றும் நடக்காதது போல.

மாஸ்டர் விசிலைப் பிடித்துத் திருகினார். "அவ போனப்ப நான் பக்கத்துல இல்ல. போட்டிக்குப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வெளியூர் போயிருந்தேன். சாதாரணக் காய்ச்சல்தான், போயிட்டு வாங்கன்னு அவதான் அனுப்பினா. 'கடைசியா நீ என்ன சொன்னே'ன்னு கேட்டேன். டம்ளர் சும்மா சுத்திச் சுத்தி வருது. எட்டு நாளா அதேதான்."

அதோடு போகவில்லை. மாடியில் குடியிருக்கும் மனைவியின் தங்கையிடம் வீட்டுக்கு ஒரு மாற்றுச் சாவி இருக்கிறது. சித்திதான் சாவியை ஒட்டிவைத்து அப்பாவைப் பைத்தியமாக்குகிறாள் என்று மகள் கொதித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் சித்தி மாடியைக் காலி செய்ய வேண்டுமாம்.

"மைத்துனி அப்படிப்பட்டவ இல்ல. ஆனா அவ இல்லன்னா, பேசறது என் மனைவிதான். எனக்கு அது தெரிஞ்சாகணும்." அவர் குரல் இறங்கியது. "அவ நாள் பூரா பேசுவா மேடம். நான் பேப்பருக்குப் பின்னால உக்காந்திருப்பேன். ஒரு நாள்கூடக் காதுகொடுத்துக் கேட்டதில்ல. இப்ப பேசறது அவதான்னா, கேக்கறதுக்கு எனக்கு இன்னொரு வாய்ப்பு கிடைச்சிருக்கு."

அண்ணி கொஞ்ச நேரம் ஸ்வெட்டரைத் தடவிக்கொண்டிருந்தாள். "நாளைக்குக் காலையில வீட்டுக்கு வர்றோம். மகளும் மைத்துனியும் இருக்கட்டும்" என்றாள்.

அவர் போனதும் கொழுந்தன் வெடித்தான். "அண்ணி! மைத்துனிதான். சாவியை ஒட்டிவெச்சவளுக்கு ஸ்வெட்டர் என்ன நிறம்னு தெரியல, குத்துமதிப்பா பழுப்புன்னு விட்டா, மாட்டிக்கிட்டா."

"கதவை உள்ள தாழ் போட்டுத் தனியா உக்காந்தவரோட டம்ளரை மாடியிலிருந்து எப்படி நகர்த்தினா?"

"காந்தம்!"

அண்ணி அலமாரியிலிருந்து நிறப்பார்வை சோதிக்கும் புள்ளிப் புத்தகத்தை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

மாஸ்டரின் கூடம் குளத்தைப் போலவே துடைத்து வைத்திருந்தது. ஜன்னலோரம் தையல் மெஷின். அதற்கு எதிரே ஒரு சாய்வு நாற்காலி, அதன் கைப்பிடியில் மடித்த செய்தித்தாள். இரண்டுக்கும் நடுவே நாலடிகூட இல்லை. மகள், நிறைமாத வயிற்றோடு, ஒரு மூலையில். சித்தி எதிர் மூலையில். இருவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வந்ததும் வராததுமாகக் கொழுந்தன் காந்தத்தோடு மேசைக்கு அடியில் புகுந்தான். கொஞ்ச நேரம் தடவிவிட்டு, தலையில் இடித்துக்கொண்டு வெளியே வந்தான்.

"டம்ளர் கண்ணாடி" என்றாள் அண்ணி.

"உள்ள போனப்புறம்தான் ஞாபகம் வந்தது" என்று அவன் தலையைத் தேய்த்துக்கொண்டான். மகள் சிரிப்பை அடக்கினாள். சித்தி அடக்கவில்லை.

அண்ணி ஸ்வெட்டரை விரித்தாள். "இதை முன்னாலேயே பாத்திருக்கீங்களா?" என்று சித்தியைக் கேட்டாள்.

"பாத்திருக்கீங்களாவா? நூல் வாங்கினதே நான்தான். இந்தப் பச்சைக்காக மூணு கடை ஏறி இறங்கினோம். அக்கா இதே மெஷின் பக்கத்துல உக்காந்துதான் தினம் காலையில பின்னுவா."

"பச்சையா?" என்றார் மாஸ்டர்.

"மாஸ்டர், நீங்க எப்பவும் உக்கார்ற மாதிரி உக்காருங்க. கண்ணை மூடிக்குங்க" என்றாள் அண்ணி.

அவர் மூடிக்கொண்டார். அண்ணி சைகை காட்ட, கொழுந்தன் பலகையின் ஒரு முனையைப் பிடித்தான். சத்தமில்லாமல் அதைத் தலைகீழாகச் சுற்றி வைத்தார்கள். அண்ணி டம்ளரை நடுவில் கவிழ்த்து, மாஸ்டரின் விரலை அதன்மேல் கொண்டுவந்து வைத்தாள்.

"நீ இங்க இருக்கியான்னு கேளுங்க."

கேட்டார். சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு டம்ளர் நடுங்கி, தயங்காமல் மேல் இடது மூலைக்கு ஓடி நின்றது. மாஸ்டரின் முகத்தில் நிம்மதி பரவியது. "ஆம்" என்றார், கண்ணைத் திறக்காமலே.

"திறந்து பாருங்க."

பார்த்தார். டம்ளர், அவருக்குத் தலைகீழாகத் தெரிந்த 'போயிட்டு வரேன்' என்ற எழுத்தின்மேல் நின்றது. இந்த வேலை தன் கையால் ஆனதே என்று கொழுந்தனுக்கு ஒரு கணம் வெட்கமாக இருந்தது.

"பலகையைத் திருப்பினது எங்க நாலு பேருக்கும் தெரியும், ரெண்டு பேருக்குப் பக்கத்துல இருந்து பாத்துத் தெரியும், எங்க ரெண்டு பேருக்குச் செஞ்சு தெரியும்" என்றாள் அண்ணி மெதுவாக. "தெரியாதவர் நீங்க ஒருத்தர்தான். டம்ளருக்கும் தெரியல. வேற யாராவது நகர்த்தியிருந்தா சரியான 'ஆம்'க்குப் போயிருக்கும். நகர்த்தினது உங்க விரல், மாஸ்டர். பொய்யா இல்ல, உங்களுக்கே தெரியாம. மனசு ஒண்ணை நினைச்சா கை கொஞ்சம் சாயும். அவ்வளவுதான்."

"சரி, கை என்னோடது" என்றார் மாஸ்டர் வறண்ட குரலில். "ஆனா பதில்? சாவி எங்கன்னு எனக்குத் தெரியாதே. ஸ்வெட்டர் தெரியாதே."

அண்ணி புள்ளிப் புத்தகத்தைத் திறந்து அவர் முன் வைத்தாள். "இந்த வட்டத்துக்குள்ள என்ன எண்?"

"எண்ணா? வெறும் புள்ளிதானே இருக்கு."

எட்டிப் பார்த்த மகள், "நாற்பத்தஞ்சுப்பா" என்றாள். "எவ்வளவு பெருசா இருக்கு!"

"பச்சையும் பழுப்பும் உங்க அப்பாவுக்கு ஒண்ணுதான். என் கடைக்கதவும் அப்படித்தான், நேத்துப் போட்டிருந்த காலுறையும் அப்படித்தான். இப்ப யோசிங்க. உங்கம்மா சொல்லியிருந்தா பச்சைன்னு சொல்லியிருப்பாங்க. நூல் வாங்கின சித்தி சொல்லியிருந்தாலும் பச்சைதான். இந்த வீட்டுல இந்த ஸ்வெட்டரைப் பழுப்புன்னு சொல்லக்கூடியவர் ஒருத்தர்தான். அதுவும் பீரோவைத் திறக்கறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கார்னா, பின்னும்போதே பாத்திருக்கார். அந்தப் பேப்பருக்கு மேல."

மாஸ்டர் சாய்வு நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நாலடி தள்ளியிருந்த மெஷினை.

"சாவியும் அப்படித்தான். இங்க ஒட்டிவெக்கிறேன்னு அவங்க என்னிக்கோ சொல்லியிருக்காங்க. நீங்க கேட்டிருக்கீங்க. அவங்க கடைசியா சொன்னதை மட்டும் பலகையால சொல்ல முடியல, ஏன்னா அப்ப நீங்க இங்க இல்ல. நீங்க காதுல வாங்காத ஒண்ணுதான் பலகைக்குத் தெரியாம போச்சு. மத்த எல்லாம் தெரிஞ்சிருந்தது." அண்ணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ஒரு நாள்கூடக் கேக்கலைன்னு சொன்னீங்க. அது தப்பு, மாஸ்டர். நீங்க கேட்டிருக்கீங்க. முப்பது வருஷமா கேட்டிருக்கீங்க."

அவர் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டார், யாரோ புதிதாகக் கொடுத்த பொருள் போல.

மகள் எழுந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடத்தைக் குறுக்கே கடந்து சித்தியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "சித்தி, நான் வாயை அடக்கியிருக்கணும். மன்னிச்சிரு."

"உங்கம்மா வாய்தானே உனக்கு" என்றாள் சித்தி, அவள் கையைப் பிடித்துக்கொண்டே. பிறகு மாஸ்டரைப் பார்த்து, "அத்தான், உங்க கண்ணு விஷயம் அக்காவுக்குக் கல்யாணமான வருஷமே தெரியும். சொன்னா சங்கடப்படுவீங்கன்னுதான் தினமும் உங்க துணியை அவளே எடுத்து வெச்சா" என்றாள்.

"இன்னொண்ணு" என்றாள் அண்ணி. "கடைசி நேரத்துல பக்கத்துல இருந்தது யாரு?"

"நான்தான்" என்றாள் சித்தி.

"வெண்ணெயைக் கையில வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கீங்க மாஸ்டர். எட்டு நாளா டம்ளரைக் கேட்டதுக்கு, மாடிப்படி ஏறிக் கேட்டிருக்கலாம்."

"எந்த முகத்தோட கேக்கறது?" என்றார் அவர். "பக்கத்துல இல்லாம போனவன், அவ என்ன சொன்னான்னு கேக்கலாமா?"

சித்திக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க கேப்பீங்க கேப்பீங்கன்னு எட்டு மாசமா காத்திருக்கேன், அத்தான். கடைசி நேரம்னு அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சிரிச்சுப் பேசிட்டுத்தான் இருந்தா. உங்களைப் பத்தித்தான். 'நான் பேசறது தன் காதுல விழலைன்னு அவர் நினைச்சிட்டிருக்கார்டி. நான் பேசி முடிக்கிற வரைக்கும் பேப்பர்ல ஒரு பக்கம்கூடத் திருப்ப மாட்டார். முப்பது வருஷமா பாக்கறேன்'னு சொன்னா. அப்படி ஒரு மனுஷன் கிடைக்கணுமேன்னு சொன்னா."

மாஸ்டர் அண்ணியைப் பார்த்துக் கைகூப்பினார். கொழுந்தனையும் பார்த்துக் கூப்பினார். காந்தத்தைத் தவிர வேறொன்றும் பங்களிக்காத கொழுந்தன் அதை வாங்கிக்கொள்ள முடியாமல் ஆவிப் பலகையைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்தான். தற்செயலாகத்தான் எழுத்துப் பக்கம் சுவரைப் பார்த்துப் போனது. "தனியாக நீரில் இறங்கக் கூடாது" என்பது கூடத்தைப் பார்த்து நின்றது.

"இன்னும் என்னென்ன சொன்னா?" என்று மாஸ்டர் கேட்டார்.

சித்தி சொல்லத் தொடங்கினாள். அவர் சாய்வு நாற்காலியில் போய் அமர்ந்து, பழக்கம் விடாமல், செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார். அண்ணியும் கொழுந்தனும் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது சித்தி பேசத் தொடங்கி அரை மணி நேரமாகியிருந்தது. அவர் இன்னும் ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை.