நனைந்த மணல்

காலை ஏழேகால். ஏரிக்கரைப் பள்ளியின் ஆய்வுக்கூடத்தைத் திறந்த தமண்டானி டீச்சர் வாசலிலேயே நின்றுவிட்டார். நீல நிற நச்சு உப்பான மயில்துத்தத்தின் புட்டி மேசைமேல் காலியாகக் கிடந்தது. நேற்று மதியம் அது முக்கால்வாசி நிறைந்திருந்தது.

அதே நேரம் முற்றத்தில், கஞ்சி வரிசையில் நின்ற ஒரு சிறுமி வாந்தியெடுத்தாள்.

தலைமையாசிரியர் சிர்வாவுக்கு இரண்டு சேதியும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன. "யாரும் கஞ்சியத் தொடாதீங்க!" என்று ஓடிவந்தவர், சமையல்காரி நியாகோண்ட்வே முன் நின்றார். "ஆய்வுக்கூடத்துச் சாவி ராத்திரி உங்ககிட்டதானே இருந்துச்சு? நேத்து எங்கூட மல்லுக்கு நின்னீங்களே!"

"சமையக்கட்டு ஒழுகுதுன்னு கத்தினேன் சார். அதுக்காகப் பிள்ளைங்க வயித்துல விஷம் வைப்பேனா? எம் மகளும் அந்த வரிசையிலதான் நிக்கறா."

சிர்வா காவல் நிலையத்துக்குப் பேசக் கைப்பேசியை எடுத்தார். டீச்சர் தடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க சார்." சிறுமியிடம் குனிந்தார். "என்னடி தின்ன?"

"பச்சை மாங்கா மேடம். அஞ்சு."

"கஞ்சி?"

"இன்னும் வாங்கவே இல்ல."

"அப்ப மயில்துத்தம் எங்க போச்சு?" என்றார் சிர்வா.

டீச்சர் அவரைக் கூடத்துக்குள் அழைத்துப் போனார். மேசையில் ஏரி மணல் நிரப்பிய தட்டு. விரலால் தொட்டுப் பார்த்தார். ஈரம். நேற்று உலர்ந்திருந்த மணல். இழுப்பறையில் வடிதாள்கள் குறைந்திருந்தன. கைகழுவும் தொட்டியின் ஓரத்தில் மெல்லிய நீலக்கோடு.

வெளியே வந்து கேட்டார். "நியாகோண்ட்வே அக்கா, உங்ககிட்டேருந்து சாவிய வேற யாராச்சும் வாங்கினாங்களா?"

"நேத்து சாயங்காலம் கூடத்தக் கூட்ட வந்த பொண்ணுங்க மூணு பேரு. வெஸி, தியாலே, லுசுங்கு."

மூவரும் முற்றத்தில்தான் நின்றார்கள். எல்லோர் கண்ணும் கஞ்சிப் பானைமேல் இருந்தது. வெஸி மட்டும் ஏரிப்பக்கம் திரளும் மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் அவளருகே போனார். "மழை வந்தா எல்லாம் பாழாயிடுமேன்னு பயமா? எங்க காயவச்சிருக்க?"

வெஸி நூலகப் பக்கம் கைகாட்டினாள். "நூலகத்துக்குப் பின்னால, தகரக் கூரை மேல மேடம்."

அங்கே போய் எட்டிப் பார்த்தார்கள். எனாமல் தட்டு நிறைய ஆழ்ந்த நீலத் தண்ணீர். விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்னப் படிகங்கள்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றார் சிர்வா.

"விஷம் வைக்க வந்தவ மணலை ஏன் கழுவணும் சார்? புட்டி கைதவறி மணல்ல கொட்டியிருக்கு. தண்ணியில மயில்துத்தம் கரையும், மணல் கரையாது. ஊத்தி, வடிகட்டி, நீலத் தண்ணிய மட்டும் பிரிச்சிருக்கா. அப்புறம் அவளுக்கு வேண்டியது வெயில் ஒண்ணுதான். அதான் மேகத்தப் பார்த்துட்டு நின்னா."

டீச்சர் அவளிடம் திரும்பினார். "எங்கிட்ட ஏன் சொல்லல வெஸி?"

"வருஷம் முழுக்க இந்த ஒரு புட்டிதான்னு சொன்னீங்க மேடம். திரும்பப் புட்டியில நிரப்பிட்டுச் சொல்லலாம்னு..." அவள் விம்மினாள். "அக்கா மேல பழி விழும்னு நெனைக்கல. பயத்துல சொல்ல வாயே வரல."

டீச்சர் அவளைச் சேர்த்தணைத்துக்கொண்டார்.

சிர்வா பானையருகே போய், கையைப் பிசைந்தபடி நின்றார். "மன்னிச்சிடுங்கம்மா. புத்தி கெட்டுப் பேசிட்டேன்."

நியாகோண்ட்வே ஒரு கிண்ணம் கஞ்சியை முகந்து அவர் கையில் திணித்தாள்.

"எல்லாரும் பாக்க நீங்களே முதல்ல குடிங்க சார்."

அவர் கடைசிச் சொட்டுவரை குடித்தார். வரிசை சிரித்துக்கொண்டே முன்னே நகர்ந்தது.